கண்ணாடி உடையல, டச்தான் செத்துப்போச்சு: 14,500 ரூபாய் கொடுத்துப் படிச்ச பாடம்



ஜனவரி மாசம் ஒரு திங்கட்கிழமை காலை. ஆபீஸுக்கு நேரமாச்சு. பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு, அதுல இருக்கிற நீல கலர் புள்ளியை விரலால தட்டிக்கிட்டே இருக்கேன். லைட் எரியல. துடைச்சிட்டுத் தட்டினேன். வேற விரலால தட்டினேன். ம்ஹும். கண்ணாடில ஒரு கீறல் கூட இல்ல. ஆனா அது வாங்கி 19 மாசத்துலயே வேலையை நிறுத்திடுச்சு.

வாரன்ட்டி கார்டை எடுத்துப் பார்த்தேன். "கண்ணாடிக்கு 5 வருஷம்" என்று பெரிய எழுத்துல இருந்தது. அதுக்குக் கீழே சின்ன எழுத்துல "மின் பாகங்களுக்கு 1 வருஷம்." கம்பெனிக்கு போன் பண்ணேன். ரொம்ப மரியாதையா பேசினாங்க. "சார், டச் சென்சார் தனியா வராது. முழு கண்ணாடியும் மாத்தணும்." விலை? 14,500 ரூபாய்.

கொஞ்ச நாள் முன்னாடி வீடு இன்டீரியர் செலவு பத்தி வீடியோ போட்டப்போ, "டச் கண்ணாடி, கிளாஸ் சுவிட்ச்போர்டு எல்லாம் போடலாமா அண்ணா?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அன்னைக்கு "பட்ஜெட் இருந்தா போடுங்க" என்று சொல்லிட்டுப் போயிட்டேன். அது அரைகுறை பதில். இன்னைக்கு முழு பதில் சொல்றேன்.

என் கருத்து இதுதான்: கண்ணாடிக்குள்ள லைட், டச், ஹீட்டர் எல்லாத்தையும் ஒட்டிக் கொடுக்கிற பொருளை வீட்டுக் கடன்ல வாங்காதீங்க. அது சுவர்ல இருக்கிறதால சுவர் ஆகிடாது. அது போன் மாதிரி. போனுக்கு யாரும் 20 வருஷ லோன் போட மாட்டோம் இல்லையா?

கண்ணாடிக்குள்ள என்னதான் இருக்கு?

ஒரு எல்இடி பாத்ரூம் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தா நாலு விஷயம் இருக்கும்.

முதல்ல கண்ணாடி. ஈரம் படாம பார்த்துக்கிட்டா 20 வருஷம் கூட இருக்கும். எங்க பாட்டி வீட்ல இருக்கிற பீரோ கண்ணாடிக்கு என் அப்பா வயசு.

ரெண்டாவது, லைட். எல்இடி ஸ்ட்ரிப், அதுக்குக் கரன்ட் கொடுக்கிற டிரைவர். எல்இடி நல்லா இருந்தாலும் டிரைவர்ல இருக்கிற கெப்பாசிட்டர் சூட்டுல சீக்கிரம் தளர்ந்து போகும்.

மூணாவது, டச். கண்ணாடியோட பின்பக்கம் ரசப்பூச்சை ஒரு சின்ன வட்டமா எடுத்திருப்பாங்க. அதுக்குப் பின்னாடி ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். நம்ம விரல் கிட்ட வந்ததும் அங்க இருக்கிற மின் கொள்ளளவு லேசா மாறும். அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் லைட் எரியுது. சிக்கல் என்னன்னா, தண்ணியும் அதே மாதிரி மாற்றத்தை உண்டு பண்ணும். அதனாலதான் கண்ணாடில தண்ணி தெறிச்சா சில சமயம் தானா எரியும், சில சமயம் தொட்டாலும் எரியாது.

நாலாவது, ஹீட்டர். ஆவி படியாம இருக்க, மெல்லிசான ஒரு ஹீட்டிங் ஷீட்டைக் கண்ணாடிக்குப் பின்னாடி பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. என் கண்ணாடில இருந்தது 40 வாட். அதை உரிச்சா ரசப்பூச்சும் சேர்ந்து வந்துடும். அதனால அது ஒருமுறை ஒட்டினா ஒட்டினதுதான்.

இப்போ கவனிங்க. நாலுக்கும் நாலு விதமான ஆயுசு. ஆனா நாலையும் சேர்த்து ஒட்டிட்டதால, எது முதல்ல சாகுதோ அதோட ஆயுசுதான் மொத்தப் பொருளோட ஆயுசு. 20 வருஷம் உழைக்கிற கண்ணாடியை, சின்ன சென்சார் ஒண்ணு 19 மாசத்துல குப்பையாக்கிடுச்சு. நாம காசு கொடுத்தது கண்ணாடிக்கு. கையில கிடைச்சது சென்சாரோட ஆயுசு.

கார் பின் கண்ணாடியைப் பாருங்க

கண்ணாடிக்குள்ள சூடு வைக்கிறதே தப்புன்னு நான் சொல்லல. அதை அருமையா செஞ்ச ஒரு பொருளை நீங்க தினமும் டிராஃபிக்ல பார்க்கிறீங்க. காரோட பின் கண்ணாடில கிடைமட்டமா மெல்லிய கோடுகள் இருக்கும் இல்லையா? அதுதான் டீஃபாகர். வெள்ளி கலந்த பேஸ்ட்டைக் கண்ணாடில கோடா அச்சடிச்சு, சூளைல சுட்டு எடுப்பாங்க. ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற பட்டைகளுக்கு நடுவுல ஒவ்வொரு கோடும் தனித்தனியா ஓடுது. 12 வோல்ட் கொடுத்தா சூடாகி ஆவி போயிடும்.

இதுல ரெண்டு நல்ல விஷயம் இருக்கு. ஒரு கோடு கீறி அறுந்தா அந்த ஒரு கோடு மட்டும்தான் வேலை செய்யாது, மத்ததெல்லாம் ஓடும். அறுந்த இடத்துல கடத்தும் வெள்ளிப் பெயின்ட் தடவி சரி பண்ணவும் முடியும். ரெண்டாவது, அதுக்கான சுவிட்ச் கண்ணாடில இல்ல. டேஷ்போர்டுல தனியா இருக்கு. சுவிட்ச் போனா சுவிட்சை மட்டும் மாத்தலாம். மழையில பின்னாடி வர்ற வண்டி தெரியணும், அதனால சூடு கண்ணாடிலயேதான் இருக்கணும். ஆனா சுவிட்ச் அங்க இருக்க வேண்டிய அவசியம் இல்ல.

இன்னொரு சேதி. கார்களுக்குப் பாதுகாப்பு ஸ்டார் கொடுக்கிற யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் தன் விதிகளை மாத்தியிருக்கு. இண்டிகேட்டர், ஹசார்ட் லைட், ஹாரன், வைப்பர், அவசர உதவி அழைப்பு, இந்த அஞ்சுக்கும் தனியா பட்டனோ லீவரோ இருந்தாதான் முழு மார்க். எல்லாத்தையும் ஸ்கிரீனுக்குள்ள தள்ளின கார் கம்பெனிகளையே "கைக்குத் தட்டுப்படுற மாதிரி வை"ன்னு திருப்பிக் கூப்பிடுறாங்க. நாம மட்டும் வீட்டுச் சுவர்ல வழுவழுன்னு கண்ணாடி ஒட்டிக்கிட்டு இருக்கோம்.

இன்டக்‌ஷன் அடுப்பு ஏன் தப்பிச்சுது?

"அப்போ இன்டக்‌ஷன் அடுப்பு? அதுலயும் கண்ணாடி, டச், லைட், சூடு எல்லாம் இருக்கே?" என்று கேட்பீங்க. நல்ல கேள்வி.

சாதாரண கண்ணாடி சூட்டுல விரியும். ஒரு மீட்டர் கண்ணாடி 100 டிகிரி கூடுதலா சூடானா கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் நீளும். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சின்னா விரிசல் விட்டுடும். அதுக்காகவே சூட்டுக்கு அநேகமா விரியாத கிளாஸ்-செராமிக் வந்தது. ஜெர்மனியோட ஷாட் கம்பெனி 1971-ல செரான் என்கிற பேர்ல அடுப்புக்கு இதைக் கொண்டு வந்தது. இன்டக்‌ஷன்ல இன்னொரு வசதி, கண்ணாடி தானா சூடாகாது. கீழே இருக்கிற காயிலோட காந்தப் புலம் பாத்திரத்தைத்தான் சூடாக்கும். பாத்திரத்துல இருந்துதான் கண்ணாடிக்கு சூடு இறங்குது.

இங்க கண்ணாடிக்கு ஒரு உண்மையான வேலை இருக்கு: பாத்திரத்தைத் தாங்கணும், பால் பொங்கினா ஒரே துடைப்புல சுத்தமாகணும், கரன்ட் ஓடுற பாகத்தை மூடணும். அதைவிட முக்கியம், பெரும்பாலான அடுப்புகள்ல டச் போர்டைக் கண்ணாடியோட பசை போட்டு ஒட்ட மாட்டாங்க. கீழே தனி போர்டா வச்சு, ஸ்பிரிங் மூலமா கண்ணாடியைத் தொட வச்சிருப்பாங்க. திறந்தா போர்டு தனி, காயில் தனி, ஃபேன் தனி, கண்ணாடி தனி. ரிப்பேர் கடைக்காரர் எது போச்சோ அதை மட்டும் மாத்துவார்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி "டச்சா, பட்டனா?" என்பது கூட இல்ல. "ஒட்டினதா, ஸ்க்ரூ போட்டதா?" இந்த ஒரே கேள்விதான்.

இப்போ கணக்குக்கு வருவோம்

எங்க வீட்டு கொட்டேஷனை அப்படியே வைக்கிறேன். ரெண்டு பாத்ரூமுக்கு டச் கண்ணாடி, தலா 14,500 ரூபாய், மொத்தம் 29,000. வீடு முழுக்க 11 கிளாஸ் டச் சுவிட்ச்போர்டு, தலா 5,500 ரூபாய், மொத்தம் 60,500. கூட்டினா 89,500 ரூபாய்.

இதுக்கு மாற்று என்ன? நல்ல சாதா கண்ணாடி 3,500, அதுக்கு மேலே ஒரு லைட் 900. ரெண்டு பாத்ரூமுக்கு 8,800. சாதா மாடுலர் சுவிட்ச்போர்டு தலா 1,400 வீதம் 11-க்கு 15,400. மொத்தம் 24,200. வித்தியாசம் 65,300 ரூபாய்.

நான் அந்த 65,300-ஐ எங்க இருந்து கொடுத்தேன்? வீட்டுக் கடனோட சேர்த்து வாங்கின டாப்-அப் லோன்ல இருந்து. 9 சதவீத வட்டி, 20 வருஷம். மாசத்துக்கு சுமார் 590 ரூபாய் இஎம்ஐ. "590 தானே, ரெண்டு பிரியாணி காசு" என்று இன்டீரியர் டிசைனர் சொன்னார். நானும் தலையாட்டினேன். 20 வருஷத்துல கட்டப்போறது மொத்தம் 1,41,000 ரூபாய். கண்ணாடி செத்தது 19-ஆவது மாசம். இன்னும் 221 மாசம் அதுக்கு இஎம்ஐ கட்டணும்.

செத்துப்போன பொருளுக்கு 18 வருஷத்துக்கு மேல இஎம்ஐ. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரியுது. ஒரு ஃபைனான்ஸ் சேனல் நடத்துறவன் பண்ணின வேலையா இது?

அந்த 590 ரூபாயையே மாசா மாசம் 7 சதவீத ஆர்டில போட்டிருந்தா 5 வருஷத்துல சுமார் 42,000 ரூபாய் கையில இருக்கும். பெரிய பணம் இல்லதான். ஆனா 5 வருஷம் கழிச்சு உண்மையிலேயே டச் கண்ணாடி வேணும்னு தோணினா, கடன் இல்லாம, அப்போ இருக்கிற நல்ல மாடலை வாங்கலாம்.

கரன்ட் பில்லையும் பார்த்துடுவோம். டச் போர்டு நம்ம விரலுக்காக 24 மணி நேரமும் விழிச்சிருக்கணும். ஒரு போர்டுக்கு 1 வாட்னு வச்சுக்கோங்க. 11 போர்டுக்கு வருஷத்துக்கு சுமார் 96 யூனிட். யூனிட் 8 ரூபாய்னா 770 ரூபாய். இது பெரிசில்ல. ஆனா ரெண்டு மாச பில் 500 யூனிட் ஓரத்துல நிக்கிற வீடா இருந்தா, இந்த 16 யூனிட் உங்களை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிடும், ஜாக்கிரதை.

ஹீட்டர் கதை வேற. 40 வாட் ஷீட்டைத் தினம் கால் மணி நேரம் ஓட்டினா வருஷத்துக்கு 30 ரூபாய் கூட ஆகாது. ஆனா சில கண்ணாடிகள்ல லைட் போட்டாலே ஹீட்டரும் சேர்ந்து ஓடும். அணைக்க மறந்து நாள் முழுக்க ஓடினா தினம் கிட்டத்தட்ட 1 யூனிட், வருஷத்துக்கு 2,800 ரூபாய். தானா அணையுற டைமர் இருக்கான்னு கேட்காம வாங்காதீங்க.

சென்னைல கண்ணாடிக்கு ஹீட்டர் எதுக்கு?

இதை நான் வாங்குறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். கண்ணாடில ஆவி எப்போ படியும்? பாத்ரூம் காத்துல இருக்கிற ஈரம் தண்ணியா மாறுற வெப்பநிலையை விட கண்ணாடி குளிர்ச்சியா இருந்தாதான் படியும். ஊட்டி, கொடைக்கானல்ல காலைல கண்ணாடி ஜில்லுனு இருக்கும். சுடுதண்ணி திறந்ததும் படிஞ்சிடும். அங்க ஹீட்டர் ஷீட்டுக்கு அர்த்தம் இருக்கு. சென்னைல மே மாசம் சுவரே கொதிக்குது. பக்கெட்ல பச்சத்தண்ணி ஊத்திக்கிறவங்களுக்கு ஆவி எங்க இருந்து வரும்?

மார்கழி, தை மாசத்துல கதவைச் சாத்திட்டு ஹீட்டர் தண்ணில ஷவர் எடுத்தா இங்கயும் படியும், உண்மைதான். அதுக்கு 1,500 ரூபாய் எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். கதவுக்குக் கீழே காத்து உள்ளே வர கொஞ்சம் இடைவெளி விடுங்க. கண்ணாடி மட்டும் இல்ல, சுவர், பீரோ, கதவு எல்லாமே பூஞ்சை பிடிக்காம இருக்கும். கண்ணாடி ஓரத்துல கருப்பா படை மாதிரி பரவுமே, அதுவும் குறையும். ஹீட்டர் ஷீட் கண்ணாடியோட நடுப்பகுதியை மட்டும் காய வைக்கும். ஃபேன் ரூமையே காய வைக்கும்.

காசை விட பெரிய விஷயம்

இது வரைக்கும் ரூபாய் கணக்கு. எங்க வீட்ல இன்னொரு கணக்கும் இருக்கு.

அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு எங்களோட இருந்தார். ஒரு ராத்திரி ரெண்டு மணிக்குக் கரன்ட் போய் வந்துச்சு. சாதா சுவிட்ச்சா இருந்தா ஃபேன் தானா ஓடியிருக்கும். எங்க டச் போர்டு கரன்ட் வந்ததும் எல்லாத்தையும் ஆஃப்ல வச்சிடும். புழுக்கம் தாங்காம அவர் இருட்டுல எழுந்து, சுவரைத் தடவித் தடவி ஃபேனைத் தேடியிருக்கார். கண்ணாடில எங்க தொட்டாலும் ஒரே மாதிரிதானே இருக்கும்? டியூப்லைட், ஏசி பாயின்ட் எல்லாம் எரிஞ்சு, கடைசியில பேலன்ஸ் தவறிக் கட்டில்ல உட்கார்ந்துட்டார். நல்லவேளை, கீழே விழல.

காலைல என்னைத் திட்டக்கூட இல்ல. "ஏம்ப்பா, டக்குனு ஒரு சத்தம் வருமே, அந்த சுவிட்ச் இந்த வீட்ல எங்கயுமே இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்த போர்டோட மெல்லிய வெளிச்சம் ராத்திரி நல்ல உதவிதான். சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியும். ஆனா அந்த வெளிச்சம் சாதா மாடுலர் சுவிட்ச்லயும் கிடைக்குது, சின்ன இண்டிகேட்டர் லைட் வச்சதுன்னு கேட்டு வாங்கலாம். எந்த சுவிட்ச்ல விரல் இருக்குன்னு கைக்கே தெரியறது மட்டும்தான் கண்ணாடில கிடைக்காது. பார்வை குறைஞ்சவங்க, வயசானவங்க, மாவு பிசைஞ்ச ஈரக் கையோட ஓடி வர்ற அம்மா, இவங்க எல்லாரும் இருக்கிற வீடு ஷோரூம் மாதிரி இருக்க வேண்டிய அவசியம் இல்ல.

"அழகுக்காக செலவு பண்ணக்கூடாதா ப்ரோ?"

தாராளமா பண்ணுங்க. கஷ்டப்பட்டு சம்பாதிக்கிறோம், வீடு பார்க்க அழகா இருக்கணும்னு ஆசைப்படுறதுல தப்பே இல்ல. கிளாஸ் போர்டு துடைக்க சுலபம், பார்க்க நல்லா இருக்கு, எல்லாம் உண்மை. நான் சொல்றது ரெண்டே விஷயம். ஒண்ணு, அதைக் கடன்ல வாங்காதீங்க. போனஸ் வந்தா அதுல வாங்குங்க. ரெண்டு, ஒரே ஒரு இடத்துல போட்டு ஒரு வருஷம் வாழ்ந்து பாருங்க. ஹால்ல ஒண்ணு போடுங்க. பெட்ரூம், பாத்ரூம், கிச்சன்ல வேண்டாம்.

"ரீசேல் வேல்யூ கூடும்" என்று சொல்றவங்களுக்கு: பழைய வீடு வாங்க வர்றவர் இடம், பத்திரம், தண்ணி, பார்க்கிங் பார்ப்பார். எரியாத டச் கண்ணாடியைப் பார்த்தா விலையைக் குறைச்சுத்தான் கேட்பார். வாடகை வீட்ல இருக்கிறவங்களுக்கு நான் தனியா சொல்லவே வேண்டாம்.

வாங்கியே தீரணும்னா, கடையில இந்த அஞ்சு கேள்வி

1. டச் சென்சார், டிரைவர், ஹீட்டர் மூணும் தனித்தனியா கிடைக்குமா? விலை என்ன? வாயால சொன்னா போதாது, பில்லுல எழுதி வாங்குங்க.

2. மின் பாகத்துக்கு எத்தனை வருஷ வாரன்ட்டி? கண்ணாடிக்கான வாரன்ட்டியைக் காட்டி ஏமாறாதீங்க.

3. கரன்ட் போய் வந்தா பழைய நிலைக்கே வருமா, எல்லாம் ஆஃப் ஆகுமா? கடையிலயே மெயினை அணைச்சுப் போட்டுக் காட்டச் சொல்லுங்க.

4. பாத்ரூம் கண்ணாடின்னா ஐபி44 இருக்கா? எந்தப் பக்கத்துல இருந்து தண்ணி தெறிச்சாலும் தாங்கும்னு அர்த்தம். கூடவே, அந்த லைன் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி வழியா வருதான்னு எலெக்ட்ரீஷியன்கிட்ட கேளுங்க. இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க, உயிர் சம்பந்தப்பட்டது.

5. டஃபன்ட் கிளாஸ்னா அளவை முன்னாடியே சரி பாருங்க. அதை 600 டிகிரிக்கு மேல சூடாக்கி சட்டுனு குளிர வச்சு செய்றாங்க. அப்புறம் அறுக்கவோ ஓட்டை போடவோ முடியாது. நாளைக்கு ஒரு சுவிட்ச் கூடுதலா வேணும்னா முழு பேனலும் புதுசுதான்.

கடைசியா என்ன ஆச்சு?

கம்பெனி சொன்ன 14,500 ரூபாயைக் கொடுக்கல. எங்க ஏரியா எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். மெயினை அணைச்சு, கண்ணாடியைக் கழட்டித் திருப்பிப் பார்த்துட்டு சிரிச்சார். "சென்சாரையும் ஹீட்டரையும் பசை போட்டு ஒட்டி வச்சிருக்கான் சார். அதைத் தொட வேணாம். லைட் நல்லாத்தான் இருக்கு. சென்சாரை விட்டுட்டு வயரை நேரா கொடுத்து, கதவு பக்கத்துல இருக்கிற சுவிட்ச்ல போட்டுக்கலாம்." முக்கால் மணி நேர வேலை. 350 ரூபாய் வாங்கினார். ஹீட்டர் இணைப்பைக் கழட்டிட்டார். அன்னைல இருந்து எக்ஸாஸ்ட் ஃபேன்தான் ஓடுது. ஹீட்டர் இல்லைன்னு வீட்ல இன்னும் யாருக்கும் தெரியாது.

அப்பா ரூம் போர்டையும் அன்னைக்கே மாத்திட்டேன். சாதா மாடுலர், இண்டிகேட்டர் லைட் வச்சது. அடுத்த தடவை கரன்ட் போய் வந்தப்போ ஃபேன் தானா ஓடுச்சு. அவர் எழுந்திருக்கவே இல்ல.

டாப்-அப் லோன்ல அந்த 65,300 ரூபாய் அளவை இந்த வருஷ போனஸ்ல முன்கூட்டியே கட்டிடலாம்னு முடிவு பண்ணியிருக்கேன். கட்டினதும் எவ்வளவு வட்டி மிச்சம்னு அடுத்த வீடியோல ஷீட் போட்டுக் காட்டுறேன்.

உங்க வீட்லயும் இந்த மாதிரி "ஒட்டின" பொருள் ஏதாவது இருந்தா, எத்தனை மாசம் உழைச்சதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. புதுசா வீடு வாங்கி இன்டீரியர் கொட்டேஷன் கையில வச்சிருக்கிற உங்க நண்பருக்கு இதை அனுப்புங்க. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி "ஒட்டினதா, ஸ்க்ரூ போட்டதா?" என்று அவர் ஒரு தடவை கேட்டாலே போதும்.